ஹப்பைக் கழற்றுவதற்கு முன்: சிறு டிராக்டர் பிரேக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் பெனாகா பக்கத்து வயல்களிலிருந்தும் என் பட்டறைக்குச் சிறு டிராக்டர்கள் வருகின்றன. பிரேக் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடுதான் இறங்குவார்கள்: "அண்ணே, பிரேக் போச்சு, ஹப்பைக் கழட்டிப் பாத்துடுங்க." ஹப் என்பது சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் நடுக்குடம். பாதி வண்டிகளுக்கு மேல் அதைத் தொடாமலே வேலை முடிந்துவிடும்.

போன வருடம் ஒரு வண்டி லாரியில் ஏற்றி வந்தது. தோட்டத்திலேயே யாரோ சுத்தியலால் அடித்து ஹப்பைக் கழற்றப் பார்த்திருக்கிறார்கள். அச்சு முனையின் மரை காளான்போல் விரிந்துபோயிருந்தது. கீழே படுத்துப் பார்த்தேன். பிரேக் ராடைப் பெடலோடு கோக்கும் பின் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று அங்குல ஆணி ஒன்று வளைந்து கிடந்தது. மிதித்த மிதியெல்லாம் அந்த ஆணியை வளைப்பதற்கே சரியாகப் போயிருக்கிறது. சில வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பின்னுக்காக வந்த வண்டி, மரையைச் சரிசெய்யக் கடைசல் பட்டறைக்குப் போனது.

அதனால் கீழே உள்ளதையெல்லாம் மலிவானதிலிருந்து விலை கூடியது வரை என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள்.

## முதலில்: உங்கள் வண்டியில் எந்த பிரேக்?

பின் சக்கரத்துக்கு உள்பக்கம் பெரிய வட்டமான இரும்பு டிரம் தெரிந்தால் அது உலர் பிரேக். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் இரண்டு ஷூ இருக்கும். பழைய தோட்ட வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். டிரம்மே தெரியாமல், கியர் பெட்டியிலிருந்து அச்சுக்குழாய் நேராகச் சக்கரத்துக்குப் போனால் அது ஈர பிரேக். டிஸ்க்குகள் டிரான்ஸ்மிஷன் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும். இப்போது ஓடும் குபோட்டா எல் வரிசை போன்றவை இந்த ரகம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஈர பிரேக் வண்டியில் பின் ஹப்பைக் கழற்றினால் பிரேக் தெரியவே தெரியாது. டிஸ்க்குகள் அச்சுக்குழாயின் மறுமுனையில், கியர் பெட்டியை ஒட்டி இருக்கின்றன. ஹப்பைக் கழற்றிவிட்டு "உள்ளே ஒண்ணும் இல்லியே" என்று போன் பண்ணியவர்களும் உண்டு.

## தூக்குவதற்கு முன்

டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஊஞ்சல்போல் நிற்கிறது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினால் வண்டி உடம்பு அந்தப் பின்னைச் சுற்றிச் சாயும். எனவே முன் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடியுங்கள். இதைச் செய்யாமல் தூக்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டியில் மாட்டியிருப்பது மண் அள்ளும் வாளி, கட்டர் எதுவானாலும் தரையில் இறக்கிவிடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். ஜாக்கியை அச்சுக்குழாயின் அடியில் கொடுத்துத் தூக்கியதும், எடை முழுவதையும் ஸ்டாண்டில் இறக்கிவிடுங்கள். ஓட்டைக் கல், சிமெண்டுக் கல் அடுக்கி வைக்கவே கூடாது, அது சொல்லாமல் பிளக்கும். சிமெண்டுத் தரை இல்லையென்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். மழை பெய்த தோட்டத்து மண் காலையில் ஒரு உயரம், மத்தியானம் ஒரு உயரம்.

பின் டயரில் தண்ணீர் ஏற்றியிருக்கிறதா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். ஏற்றியிருந்தால் தனி ஆளாகக் கழற்ற வேண்டாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டு பக்கமும் சரியாகப் பிடிக்கவில்லை

முதலில் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். இன்னொருவர் பெடலை மிதிக்கட்டும். பெடல் நகர்ந்ததும் ராடு நகர வேண்டும், ராடு நகர்ந்ததும் அச்சுக்குழாய் ஓரத்தில் இருக்கும் நெம்புகோல் நகர வேண்டும். நடுவில் எங்கே அசைவு தொலைகிறதோ அங்கேதான் கோளாறு. ராடைக் கோக்கும் பின் தேய்ந்து துளை முட்டை வடிவமாகியிருக்கலாம், லாக் நட் தளர்ந்திருக்கலாம், ராடு வளைந்திருக்கலாம். தோட்டத்தில் செம்பனை மட்டை அடியில் புகுந்து ராடை வளைப்பது ரொம்பச் சாதாரணம்.

அது சரியாக இருந்தால் பெடல் ஆட்டத்தை அளந்து பாருங்கள். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு ரூலரை நிறுத்தி, கையால் மெதுவாக அழுத்துங்கள். தடை தட்டும் வரை எத்தனை மில்லிமீட்டர் போகிறது? சிறு டிராக்டர்களில் இது பெரும்பாலும் 20 முதல் 40 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய எண் கையேட்டில் உண்டு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக இருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருகிக் குறையுங்கள். இடதும் வலதும் ஒரே அளவு வர வேண்டும், இதில் சமாதானம் கிடையாது. முடித்ததும் லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள். மறந்தால் ஒரு வாரத்தில் அதே வண்டி திரும்பி வரும்.

டிரம் பிரேக்காக இருந்தால் ராடில் கை வைப்பதற்கு முன் ஷூவைச் சரிசெய்ய வேண்டும். பல வண்டிகளில் டிரம்மின் பின்பக்கத் தட்டில் ஒரு சிறு துளை, அதற்கு ரப்பர் மூடி. உள்ளே பல்சக்கரம் தெரியும். சக்கரம் தரையை விட்டு உயர்ந்திருக்கும்போது ஸ்க்ரூடிரைவரால் அந்தப் பல்லைத் தட்டிச் சக்கரம் இறுகும் வரை கொண்டுபோய், பிறகு உரசாமல் சுற்றும் வரை திருப்பி விடுங்கள். ஷூ தேய்ந்ததை மறைக்க ராடை மட்டும் இழுத்துக்கொண்டே போனால் ஒரு நாள் நெம்புகோல் கவிழ்ந்து மாட்டிக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு, ராடில் இழுப்பதற்கு மரையே மிச்சமில்லை, பெடல் இன்னும் ஆழம் போகிறது என்றால் உள்ளே தேய்ந்திருக்கிறது. டிரம் என்றால் நீங்களே திறக்கலாம். ஷூவின் லைனிங் (உராயும் பட்டை) தேய்ந்து ரிவெட் தலையை எட்டும் தூரத்தில் இருந்தால் மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. ஈர டிஸ்க் என்றால் நிறுத்துங்கள், அது கடைசிப் பகுதியில் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கும். பிரேக் கிளீனர் அடித்தோ ஈரத் துணியாலோ துடைத்து எடுங்கள். முகமூடி போட்டுக்கொண்டுதான் இந்த வேலை.

ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ரகம்) வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். ஓட்டும் மிதியை விட்டதும் வண்டி தானாகவே நிற்பதால் பிரேக் செத்து ஆறு மாதம் ஆனாலும் தெரியாது. சரிவில் ரேஞ்ச் கியர் (வேக வரம்பைத் தேர்ந்தெடுக்கும் கியர்) நியூட்ரலுக்கு நழுவினால்தான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்? மாதம் ஒரு முறை சமதளத்தில், நடக்கும் வேகத்தில், ரேஞ்சை நியூட்ரலில் போட்டு பிரேக்கை மட்டும் மிதித்துப் பாருங்கள்.

## அறிகுறி: பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

சிரிக்காதீர்கள், முதலில் இரண்டு பெடலையும் கோக்கும் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா பாருங்கள். வயலில் திரும்புவதற்காக அதை எடுத்துவிட்டு, அப்படியே ரோட்டில் ஏறிவிடுவார்கள். வேகத்தில் ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் வண்டி குப்புறப் போடும்.

அப்புறம் டயர் காற்று. அப்புறம் இரண்டு பக்கத்துப் பெடல் ஆட்டம். இவ்வளவும் சரியென்றால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: ஆள் நடமாட்டம் இல்லாத, சமமான மண் தரையில் மிக மெதுவாக ஓட்டி, தாழ்ப்பாளைப் போட்டு இரண்டையும் சேர்த்து மிதியுங்கள். இறங்கி வந்து தடத்தைப் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே நீளத்துக்கு மண்ணைச் சீய்த்திருக்க வேண்டும். தடம் குட்டையாக இருக்கும் பக்கத்தில்தான் கோளாறு.

டிரம் வண்டியில் அந்தப் பக்கத்து டிரம்மின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். எண்ணெய் பிசுபிசுத்தால் அச்சு சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது, ஷூ எண்ணெயில் நனைந்துவிட்டது. பெட்ரோல் ஊற்றிக் கழுவி, நெருப்பில் காட்டி மறுபடி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நனைந்த லைனிங் நனைந்ததுதான். ஒரு வாரம் பிடிக்கும், பிறகு பழையபடிதான், நெருப்பு அபாயம் வேறு. சீலை மாற்றி, ஷூவை இரண்டு பக்கமும் மாற்றுங்கள். சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றினால் புது ஷூவுக்கும் அதே குளியல்தான்.

சீலை மாற்றும் முன் ஒன்று. கியர் பெட்டியின் மூச்சுக் குழாய் சேற்றில் அடைபட்டிருக்கிறதா பாருங்கள். அடைபட்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தள்ளிவிடும். ஒரு துண்டுக் கம்பியால் போக வேண்டிய கோளாறு அது.

## அறிகுறி: பிரேக் விடவில்லை, ஒரு பக்கம் சூடாகிறது

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, பிரேக் இருக்கும் இடத்துக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

காரணங்கள் எளியதிலிருந்து: பார்க்கிங் கொக்கி பாதி மாட்டியிருப்பது, பெடல் ஆட்டம் அறவே இல்லாமல் இறுக்கியிருப்பது, திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருப்பது. நாலாவதுதான் எங்கள் பக்கத்தில் ராஜா: பெடல் தண்டு துருப்பிடிப்பது. பல வண்டிகளில் ஒரு பெடல் தண்டின்மேலேயே சுழல்கிறது. கிரீஸ் நிப்பிள் சேற்றுக்கு அடியில் இருக்கும், இருப்பதே யாருக்கும் தெரியாது. செப்டம்பர், அக்டோபர் மழையில் ஓடிய வண்டி தீபாவளி லீவில் பத்து நாள் நின்றால் போதும், பெடல் மிதித்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். சேற்றைச் சுரண்டி, துரு எண்ணெய் ஊற்றி, பெடலை முன்னும் பின்னும் ஆட்டி, புது கிரீஸ் பழைய கிரீஸைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் வரை அடியுங்கள்.

பெடலும் ராடும் தாராளமாக வந்துபோகின்றன, நெம்புகோல் மட்டும் திரும்பவில்லை என்றால் டிரம்மில் ஷூவை விரிக்கும் கேம் தண்டு துருப்பிடித்திருக்கிறது. ஈர பிரேக்கில் உருண்டைகள் ஏறி இறங்கும் கேம் தட்டு குழிந்திருக்கலாம். முதலாவதை நீங்கள் பார்க்கலாம். இரண்டாவது உங்கள் வேலை இல்லை.

## அறிகுறி: மிதித்தால் உறுமுகிறது, உதறுகிறது

ஈர பிரேக் வண்டியா? அப்படியானால் எண்ணெயைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரணையைத் தொடங்குங்கள். "கடைசியா என்ன எண்ணெய் ஊத்தினீங்க?" என்று கேட்டால் "நல்ல எண்ணெய்தான் தம்பி, அறுபத்தெட்டு" என்பார் மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்). 68 சாதாரண ஹைட்ராலிக் எண்ணெய். எக்ஸ்கவேட்டருக்கு நல்லதுதான். ஆனால் ஈர பிரேக்குக்கு வேண்டிய உராய்வுச் சரக்கு அதில் இல்லை. டப்பாவில் யு.டி.டி.ஓ. (டிராக்டர் டிரான்ஸ்மிஷன் எண்ணெய்) என்றும் ஈர பிரேக்குக்கு ஏற்றது என்றும் போட்டிருப்பதை ஊற்றுங்கள். முழுவதும் வடித்து, ஃபில்டரை மாற்றி, புதிது ஊற்றி, அரை நாள் வேலை செய்தபின் மறுபடி மிதித்துச் சத்தத்தைக் கேளுங்கள். பல வண்டிகள் அதோடு அடங்கிவிடும்.

வடிக்கும்போது நிறத்தைப் பாருங்கள். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் லீவர் ரப்பர் கிழிந்ததா, பி.டி.ஓ. (கருவிகளுக்குச் சுழல் சக்தி தரும் தண்டு) சீல் போனதா, வெட்டவெளியில் நிறுத்துகிறார்களா, பிரஷர் வாஷரை மூச்சுக் குழாய்க்கு நேராகப் பிடிக்கிறார்களா என்று தேடுங்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எண்ணெயை மாற்றுவது காசைக் கரைப்பது. வடித்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். இங்கே அது எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் பட்டியலிட்ட கழிவு, உரிமம் உள்ளவர்கள்தான் எடுக்க வேண்டும்.

டிரம் வண்டி உறுமினால் உள்ளே சேறோ, கண்ணாடிபோல் பளபளத்துப்போன லைனிங்கோ. லைனிங்கில் சதை இருந்தால் முரட்டுத் தாளில் ஈரமாகத் தேய்க்கலாம். டிரம் வட்டம் கெட்டிருந்தால் கடைசல் பட்டறை.

## அறிகுறி: முன் சக்கரம் ஆடுகிறது, ஹப்பில் கிரீஸ் கசிகிறது

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். இடவல ஆட்டம் மட்டும் என்றால் டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கம்பி) பக்கம் போங்கள், ஹப்பைத் தொடாதீர்கள். மேல்கீழ் ஆட்டம் என்றால் ஒருவர் ஆட்டும்போது இன்னொருவர் ஹப்புக்கும் அதன் பின்னால் உள்ள நக்கிளுக்கும் (சக்கரத்தோடு திரும்பும் அச்சு முனைத் துண்டு) நடுவில் விரலை வைத்துப் பார்க்கட்டும். அந்த இடைவெளி அசைந்தால் பேரிங். நக்கிளும் சேர்ந்தே ஆடினால், அது திரும்பும் அச்சாணியான கிங் பின்.

பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் முன் ஹப் எளிது. மூடியைத் தட்டி எடுத்து, கோட்டர் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, ஹப்பை நேராக இழுங்கள். வெளிப் பேரிங் கீழே விழும், கையை அடியில் வையுங்கள். எல்லாவற்றையும் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தாலும் ஓடுபாதையில் நகத்துக்குத் தட்டும் குழி இருந்தாலும் பேரிங்கையும் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வளையத்தில் புதுப் பேரிங் போடுவது பழைய செருப்பில் புது வார் போடுவது மாதிரி. கிரீஸைக் குச்சியால் பூசாதீர்கள். உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகலப் பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் புழுப்போல் பிதுங்கி வரும் வரை ஏற்றுங்கள்.

மாட்டும்போது ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுழல்வது கனக்கத் தொடங்கியதும் தளர்த்திவிட்டு, விரலால் திருகும் அளவுக்கு மட்டும் மீண்டும் இறுக்குங்கள். கோட்டர் பின்னின் துளை நட்டின் பள்ளத்தோடு சேரவில்லையென்றால் தளர்த்தும் பக்கம் அடுத்த பள்ளத்துக்குக் கொண்டுபோங்கள், இறுக்கும் பக்கம் வேண்டாம். கோட்டர் பின் எப்போதும் புதிது.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் கதை வேறு. முன் முனையில் எண்ணெயும் பல்சக்கரங்களும் இருக்கின்றன. எண்ணெய் கசிந்தால் திறப்பதற்கு முன் சீல் ஓரத்தைக் கத்தி முனையால் கிளறிப் பாருங்கள். நான் ஒரு முறை உர மூட்டையின் நைலான் நூலை அங்கிருந்து உருவினேன். முழங்கை நீளம், தலைமுடிபோல் இறுகிச் சுற்றியிருந்தது. சீலின் உதட்டை அது ரம்பம்போல் அறுத்திருந்தது. நூலை எடுத்த பிறகும் கசிந்தால் சீலை மாற்றத்தான் வேண்டும். வெளிப் பக்கத்திலிருந்தே வரும் சீல் என்றால் செய்யலாம். உள்ளே ஷிம் தகடுகளைத் தொட வேண்டி வந்தால் ஆள் கூப்பிடுங்கள். பல்சக்கரங்களின் இடைவெளி அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது.

## அறிகுறி: ஹப் வரமாட்டேன் என்கிறது

உண்மையாகவே கழற்ற வேண்டியிருக்கிறது என்று உறுதியானபின் இந்தப் பகுதிக்கு வாருங்கள். கூம்பு வடிவச் சாய்வு அச்சில் அழுத்தி உட்கார்ந்த பின் ஹப் கையால் வராது, வரவும் கூடாது.

நட்டை முழுவதும் கழற்றாதீர்கள். மூன்று நாலு மரை பிடித்திருக்கட்டும். ஹப் திடீரென்று விடும்போது அது துப்பாக்கிக் குண்டுபோல் வரும், அந்த நட்டுதான் உங்கள் நெஞ்சைக் காப்பாற்றும். முதல் நாள் மாலையே துரு எண்ணெய் அடித்து விடுங்கள். மறுநாள் ஹப்பின் போல்ட் துளைகளில் பிடிக்கும் புல்லரை (திருகி இழுக்கும் கருவி) மாட்டி இறுக்கி, அந்த இழுவையிலேயே விட்டுவிட்டு, ஹப்பின் பக்கவாட்டில் செப்புச் சுத்தியலால் நாலு தட்டு. மறுபடி கால் சுற்று இறுக்கம். மறுபடி தட்டு. போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தால் சில நேரம் தானாகவே 'டங்' என்று விட்டிருக்கும். அச்சு முனையில் மட்டும் அடிக்கவே கூடாது.

சூடு காட்டலாமா என்று கேட்பார்கள். டயர் ரிம்மில் இருக்கும்போது ரிம்மிலோ வீல் நட்டிலோ ஒருபோதும் நெருப்புக் காட்டாதீர்கள், டயர் வெடித்து ஆள் செத்த வேலை அது. டயரும் ரிம்மும் கழன்றபின் ஹப்பை மட்டும் சூடாக்க முடியும். ஆனால் பக்கத்தில் சீலும் எண்ணெயும் இருக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் நான்கூட வேலையைப் பெரிய புல்லர் உள்ள பட்டறைக்கு அனுப்பிவிடுவேன்.

## அறிகுறி: பார்க்கிங்கில் போட்டும் உருள்கிறது

பெரும்பாலும் பெடல் ஆட்டம் கூடிப்போய், கொக்கி மாட்டும் இடத்தில் பிரேக் இன்னும் இறுகவில்லை. ஆட்டத்தைச் சரிசெய்தால் இதுவும் சரியாகும். கொக்கியின் பல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், வெல்டிங் பண்ணிப் பல் கட்டாதீர்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் இஞ்சினை அணைத்தால் டிரான்ஸ்மிஷன் பிடித்து வைக்காது, மெல்ல ஊரும். வாய்க்கால் ஓரத்தில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஈர பிரேக்குக்கு அச்சுக்குழாயைப் பிரிக்க வேண்டும் என்று தெரிந்த நொடியில். குழாய் கனம், தூக்கி நிறுத்தச் செயின் பிளாக் வேண்டும், உள்ளே டிஸ்க், தட்டு, உருண்டை எல்லாம் வரிசையாக இருக்கிறது. சீல் சில பத்து வெள்ளிதான், ஆனால் தப்பாகப் பிரித்தால் கூலி மட்டுமே அதைப் பலமடங்கு தாண்டும். ஹப்பிலோ அச்சுக்குழாயிலோ விரிசல் கண்டாலும், சரிவுத் தோட்டத்தில் ஓடும் வண்டியில் இத்தனை சோதனைக்குப் பிறகும் தடம் சமமாக வராவிட்டாலும் அப்படியே. மெக்கானிக்கிடம் போகும்போது எண்ணெய் எப்போது மாற்றியது, என்ன எண்ணெய், ஆட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டு போங்கள். பாதி நேரம் மிச்சம்.

சக்கரத்தை மாட்டியபின் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடியுங்கள். ஒவ்வொரு நட்டுக்கும் ரிம்முக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் நாள் வேலை முடிந்ததும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகு ஓட்டுநர் காலையில் வண்டியைச் சுற்றி வரும்போது கோடு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.